ஓட்டியவரைக் கேட்காமல் போட்ட மூன்று கையெழுத்துகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். பேட்டரி, மோட்டார், சாஃப்ட்வேர் என்று நீங்கள் கல்லூரியிலேயே பார்த்துவிட்டு வருவதையெல்லாம் நான் ஐம்பது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு கற்றவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கார்புரேட்டர் கழுவுவதில் ஆரம்பித்த கை இது. கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

ஆனால் தப்பு செய்ததைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு காரின் ஸ்டீயரிங் பட்டன்கள் விஷயத்தில் மூன்று முறை தப்பாகக் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போனது. அதை நான் சரிசெய்ய மூன்று பேர் உதவினார்கள். மூவருமே என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

பெங்களூர் ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளியைத் தாண்டி இருந்தது எங்கள் சர்வீஸ் சென்டர். விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கார்கள் மட்டும்தான் வரும். கோளாறு கண்டுபிடிக்கும் பிரிவில் நான்தான் மூத்தவன். மற்றவர்கள் திணறும் வண்டி கடைசியில் என்னிடம் வரும். நான் பார்த்துவிட்டு எழுதுவதுதான் முடிவு. இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த மாடலில் ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் அமுங்கும் பட்டன் கிடையாது. கறுப்புக் கண்ணாடி மாதிரி வழவழப்பான பட்டை. விரல் பட்டால் போதும், வேலை செய்யும். வலது பக்கம் பாட்டு, போன். இடது பக்கம் வேகத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் வசதி, அதாவது க்ரூஸ் கன்ட்ரோல். ஐம்பது என்று வைத்துவிட்டுக் காலை எடுத்தால் வண்டி தானாக ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும். மேலே தொட்டால் வேகம் கூடும், கீழே தொட்டால் குறையும்.

முதல் முறை பட்டன் புகாரோடு வண்டி வந்தபோது அதன் உரிமையாளர் ஸ்ரீதரும் கூடவே வந்தார். காக்ஸ் டவுனில் வீடு. சொந்தமாகக் கம்பெனி நடத்துபவர், எந்நேரமும் காதில் போன். உண்மையில் வண்டியை ஓட்டுவது அவர் இல்லை. அவருடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஒரு பெண் டிரைவரை வைத்திருந்தார். அமுதா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். அல்சூர்க்காரி. முன்பு வாடகைக் கார் ஓட்டியவள்.

"பாட்டு சவுண்டு தானா ஏறுது சார். தானா எறங்குது. ரெண்டு வாட்டி போனு அதுவா போயிடுச்சி" என்றாள் அமுதா.

ஸ்ரீதர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "கை பட்டிருக்கும்னு நினைக்கிறேன். எதுக்கும் செக் பண்ணிடுங்க" என்றார்.

ஸ்கேனரை மாட்டினேன். கோளாறு என்று எதுவும் பதிவாகவில்லை. சில்க் போர்டு ஜங்ஷன் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து அமுதாவிடம், "வளையல் படுதுன்னு நினைக்கிறேம்மா. கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க" என்றேன்.

அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். வளையல் இல்லை. ஒரு கையில் வாட்ச், அவ்வளவுதான்.

அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். "அப்போ உள்ளங்கை பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, 'கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது முதல் கையெழுத்து.

இரண்டு வாரம் கழித்து ஸ்ரீதர் கோபமாக வந்தார். அவர் ஏதோ முக்கியமான மீட்டிங்கில் இருந்தபோது வண்டியிலிருந்து போன் வந்திருக்கிறது. அம்மாவுக்கு என்னவோ என்று பதறி எடுத்திருக்கிறார். அவசரத்தில் ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில் அவருடைய அம்மாவின் குரல் கணீரென்று ஒலித்திருக்கிறது. "இவன் வாங்கி வெச்சிருக்கற மெஷின் காப்பியை மனுஷன் குடிப்பானா அமுதா? போற வழியில ஒரு நல்ல காப்பி வாங்கிக் குடு. அவன்கிட்ட சொல்லாத."

இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று அவர் சிரிக்கும் நிலையில் இல்லை. அமுதா வேண்டுமென்றே போன் போட்டாள் என்று அவர் நினைக்கவில்லை. கவனமில்லாத டிரைவர் என்று நினைத்தார். என்னைத் தனியாக அழைத்து நேராகக் கேட்டார்: "சொல்லுங்க, வண்டியா, ஆளா?"

நான் மறுபடி ஸ்கேனரை மாட்டினேன். இந்த முறை பதிவுகளை இன்னும் ஆழமாகத் தோண்டினேன். போன் பட்டன் தொடப்பட்டதாகத் தெளிவாக இருந்தது. சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன். ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தில் மிச்சப் பதிலையும் சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதையே எழுதிக் கொடுத்தேன். அது இரண்டாவது கையெழுத்து.

மூன்றாவது முறை வண்டி பின் பம்பர் உடைந்து வந்தது.

ஓசூர் ரோடு மேம்பாலத்தில் அமுதா வேகத்தை ஐம்பதில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். முன்னால் சாலை காலியாக இருந்தது. திரையில் இருந்த ஐம்பது ஐம்பத்தைந்தானது. அறுபதானது. எழுபதைத் தாண்டியது. அவள் பயந்துபோய் பிரேக்கை அழுத்தினாள். பின்னால் வந்த டெம்போ இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. பின் சீட்டில் இருந்த ஸ்ரீதரின் அம்மாவுக்கு மட்டும் ஆபரேஷன் செய்த இடுப்பில் இரண்டு நாள் வலி.

ஸ்கேனரில் பார்த்தேன். வேகத்தைக் கூட்டும் பட்டன் அடுத்தடுத்துத் தொடப்பட்டதாக ஒரு நீளமான வரிசை இருந்தது. ஒரு தொடுதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளியே இல்லை. மனித விரல் அப்படித் தொடாது. அது என் கண்ணில் பட்டது. பட்டும் கடந்து போனேன். அன்று எனக்காக ஆறு வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. நிலுவையில் ஏன் இத்தனை வண்டி என்று ஏரியா ஆபீசிலிருந்து காலையிலேயே கேட்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை 'ஒன்றுமில்லை' என்று எழுதியவனுக்கு, மூன்றாவது முறை 'ஏதோ இருக்கிறது' என்று எழுத மனம் வராது. இதை நீங்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் எழுதியதே நமக்குச் சாட்சியாகிவிடும்.

'பட்டன்கள் டிரைவரால் இயக்கப்பட்டதாகப் பதிவு உள்ளது. கோளாறு எதுவும் இல்லை.' மூன்றாவது கையெழுத்து.

நான்கைந்து நாள் கழித்துக் காலையில் ரிசப்ஷனிலிருந்து எனக்கு ஒரு போன் இணைப்பு வந்தது. வயதான பெண் குரல். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

"குமார்ங்கறது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நான் ஸ்ரீதரோட அம்மா. எங்க அமுதாவை என் பிள்ளை அனுப்பிட்டான். உங்க ரிப்போர்ட்டைக் காட்டித்தான் அனுப்பினான். அது இப்போ என் கையில இருக்கு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் கவர்மென்ட் ஆபீஸ்ல ஸ்டெனோவா இருந்து ரிட்டையர் ஆனவ. பேப்பர்ல இருக்கறதைவிட, இல்லாததைத்தான் முதல்ல பார்ப்பேன். உங்க ரிப்போர்ட் மூணையும் படிச்சேன். வண்டிக்குள்ள யார் யார் இருந்தாங்க, அவங்க என்ன பார்த்தாங்கன்னு ஒரு வரிகூட இல்லை. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். அவ கை ஸ்டீயரிங்குக்கு மேல்பக்கம்தான் இருந்துது. பட்டன் பக்கமே போகலை. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

"கேட்டா சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கத்தியிருந்தால் நானும் சமாளித்துப் பேசியிருப்பேன். அவர் கத்தவில்லை. அதனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளைக் கேள்வி கேட்டவன், வண்டிக்குள் இருந்த மனிதர்களைக் கேட்கவில்லை. அதிலும் ஒரு பெண் டிரைவர், ஒரு வயதான அம்மா. ஓட்டியது ஆணாக இருந்திருந்தால் வளையல் என்ற வார்த்தை என் வாயில் வந்திருக்குமா என்று யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் எங்கள் மேனேஜரிடம் போனேன். அவர் என்னைவிட இருபத்தைந்து வயது சிறியவர். கன்னடக்காரர், ஹாசன் பக்கம். தமிழை ஒர்க்ஷாப்பில்தான் கற்றுக்கொண்டார். இப்போது வேறு ஊரில் இருக்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நடந்ததை அவரிடம் சொன்னேன். மூன்று ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்தேன்.

அவர் அவற்றைப் படிக்கவில்லை. "குமாரண்ணா, உங்களுக்கு இப்ப என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலைன்னு தோணுது சார்."

"அப்போ போயி அவங்ககிட்டயே கேளுங்க. நாளைக்கு உங்க வண்டியெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் மெட்ரோவில் அல்சூர் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. விலாசத்தை, நான் திரும்ப போன் செய்து கேட்டபோது, ஸ்ரீதரின் அம்மாதான் தந்தார். அமுதா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"இன்னும் இன்னா சார்? எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?"

"இல்லம்மா. தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்ல வந்தேன்."

உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கதவருகிலேயே நின்று பேசினோம்.

"எட்டு வருசமா ஓட்டறன் சார். ஒரு கேசு கிடையாது. போன வாரம் ரெண்டு எடத்துல வேலை கேட்டுப் போனேன். ஏன் நின்னுட்டேன்னு கேக்கறாங்க. இன்னா சொல்லுவேன்? பட்டனைத் தப்பாத் தொட்டு ஆக்சிடென்ட் பண்ணிட்டேன்னா? நான் பண்ணலையே."

"பண்ணலைன்னு நம்பறேன். ஆனா எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரியலை. அந்த வண்டியில தினம் இருந்தது நீங்க. எப்பெப்போ நடந்துச்சுன்னு சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். கேட்டுக்கறேன்."

அவள் உள்ளே போனாள். பிறகு ஒரு ஸ்டூலை எடுத்துக் கதவருகே போட்டாள்.

முதலில் அவள் சொன்னதில் எனக்குப் பிடி எதுவும் கிடைக்கவில்லை. காலையில் நடக்கும், மதியம் நடக்காது. ஏ.சி. போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் ஆரம்பிக்கும். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "உங்ககிட்டருந்து வண்டி வந்துச்சுன்னாதான் சார் இந்தத் தொல்லை. மொத சர்வீசுக்கு வுட்டு எடுத்ததுலேர்ந்தே அப்டிதான். ஒரு வாரம் ஆட்டம் காட்டும். அப்புறம் அடங்கிடும். அம்மா கூட சொல்லுவாங்க, அந்த எலுமிச்சம்பழ வாசனை போற வரைக்கும் பாட்டு போடாத அமுதான்னு."

"எந்த வாசனை?"

"உள்ள தொடைச்சுக் குடுப்பீங்களே, அந்த வாசனை."

 சர்வீஸ் முடிந்த ஒவ்வொரு வண்டியையும் வாஷிங் பிரிவில் உள்ளேயும் துடைத்துத்தான் தருவோம். அதற்கு அந்த வருடம் ஒரு புதுத் திரவம் வந்திருந்தது. எலுமிச்சை வாசனை. அதை நேராக ஸ்டீயரிங் மேலேயே பீய்ச்சித் துடைப்பார்கள். துடைப்பது கடைசி வேலை. நான் ஓட்டிப் பார்ப்பது அதற்கு முன்னால். ஆக, நான் ஓட்டும்போது ஈரம் காய்ந்திருக்கும். ஓட்டி முடித்து 'ஒன்றுமில்லை' என்று எழுதிய பிறகு, நாங்களே மறுபடி ஈரமாக்கி அவள் கையில் கொடுத்திருக்கிறோம்.

"அமுதா, ஒரு உதவி. என்கூட ஒர்க்ஷாப்புக்கு வர முடியுமா? நீங்க சொன்னதை நீங்களே பக்கத்துல இருந்து பார்க்கணும்."

"வரேன் சார். வேலைதான் இல்லையே" என்றாள். அதில் கிண்டல் இருந்ததா வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஷோரூமில் வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காக அதே மாடலில் ஒரு வண்டி இருந்தது. வாஷிங் பிரிவிலிருந்து அந்தத் திரவத்தை வாங்கிவந்து, அவர்கள் செய்வது போலவே ஸ்டீயரிங் மேல் பீய்ச்சித் துடைத்தேன். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினேன். பிறகு அமுதாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, ஏ.சி.யைப் போட்டு, மெல்லிய சத்தத்தில் ரேடியோவை வைத்தேன். நான் பக்கத்து சீட்டில். மேனேஜர் பின் சீட்டில்.

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பதினைந்து.  என் ஊகம் தப்பென்றால், அந்தப் பெண்ணை இன்னொரு முறை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

திடீரென்று திரையில் சத்தத்தின் கோடு ஒரு புள்ளி நகர்ந்தது. இன்னொன்று. பிறகு கடகடவென்று ஏறியது. ரேடியோ அலறியது.

"பாருங்க சார்!" என்று அமுதா கத்தினாள். "என் கையைப் பாருங்க சார்!"

இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன. கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஓர் இடுக்கு. அதன் வழியாகத் திரவம் உள்ளே இறங்கி, சூட்டில் ஆவியாகி, ஏ.சி. குளிரில் கண்ணாடிப் பட்டைக்கு அடியில் துளித்துளியாகப் படிந்திருந்தது. அந்தப் பட்டைக்கு ஈரமும் விரலும் ஒன்றுதான். ஈரம் பட்டதையும் விரல் பட்டதாகவே அது பதிவு செய்திருக்கிறது. ஸ்கேனர் என்னிடம் பொய் சொல்லவில்லை. தொட்டது யார் என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதியது நான்.

இனிதான் கஷ்டமான இடம். ஏரியா ஆபீசுக்கு மேனேஜர் தகவல் சொன்னார். அங்கிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. பார்ட் கோளாறு என்று எழுதி, புதிய பட்டன் மாட்டிக் கொடுத்துவிடுங்கள். துடைக்கும் திரவத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

நான் சபலப்பட்டேன். மறைக்க மாட்டேன். பார்ட் கோளாறு என்று எழுதினாலே அமுதா மேல் இருக்கும் பழி போய்விடும். நம் கை சுத்தமாக இருக்கும். எனக்கு ஓய்வுக்கு நான்கு மாதம்தான் பாக்கி. இதையெல்லாம் மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் ஜன்னல் வழியாக வாஷிங் பிரிவைப் பார்த்தார். அங்கே வேறொரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"குமாரண்ணா, இந்த வருஷம் இதே மாடல் எத்தனை வண்டியை நாம இப்படித் துடைச்சுக் கொடுத்திருப்போம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு பெண்ணையும் ஒரு கையெழுத்தையும் மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர், இந்த நிமிஷம் மேம்பாலங்களில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வண்டிகளை யோசித்திருக்கிறார்.

"ஸ்வல்ப இருங்க" என்று, கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, எழுந்து கீழே போனார். முதலில் வாஷிங் பிரிவில் வேலையை நிறுத்தினார். அங்கே இருந்தவர்களில் யாரிடமும் அவர் குரலை உயர்த்திப் பேசவில்லை. "பாய், டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு நானும் படிக்கல, நீங்களும் படிக்கல" என்று மூத்தவரிடம் சொன்னார். துணியில் ஊற்றித் துடைக்கவும் என்று பொடி எழுத்தில் டப்பாவிலேயே இருந்தது. பிறகு மேலே வந்து, அந்த மாடல் வைத்திருக்கும் எல்லாருடைய பட்டியலையும் எடுத்தார். வேகத்தை நிறுத்திவைக்கும் வசதியை இப்போதைக்குப் பயன்படுத்தாதீர்கள், தவறு எங்களுடையது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்தார். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், இந்தி என்று மாறி மாறிப் பேசினார். மாலைக்குள் குரல் கட்டிவிட்டது. கடைசியாகத்தான் ஏரியா ஆபீசுக்குப் போன் போட்டு, "சொல்லி முடிச்சுட்டேன் சார்" என்றார். அதற்காக அவருக்கு வந்த கடிதத்தை அவர் எங்களிடம் காட்டவில்லை. வந்தது என்று மட்டும் தெரியும்.

அவர் வயதில் எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. அறுபதை நெருங்கும் வயதில், என்னைவிட இருபத்தைந்து வயது சிறியவரிடம் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதற்கு அவருக்கு நன்றி.

மறுநாள் நாங்கள் இருவரும் காக்ஸ் டவுன் போனோம். ஸ்ரீதர் முழுக்கக் கேட்டார். முதலில் கோபப்பட்டார். "மூணு தடவை கேட்டேனே! வண்டியா ஆளான்னு உங்களை நேராவே கேட்டேனே!" என்றார். கேட்டீர்கள், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன்.  அவர் அடங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அம்மா கைத்தடியை ஊன்றி மெதுவாக ஹாலுக்கு வந்தார். மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்களா அவளை?"

"கேட்டேம்மா. அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. நீங்க சொன்ன வாசனைதான்."

"நான் சொன்னதா?" என்றார் ஆச்சரியமாக. பிறகு மகனிடம் திரும்பி, "போனை எடு. நீதான் பேசணும், நான் பேசிக் குடுக்க மாட்டேன்" என்றார்.

ஸ்ரீதர் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது, "யோசிச்சு சொல்றேன்னு சொல்றாங்க" என்றார். எதிர்பார்க்காத பதில் என்று முகத்தில் தெரிந்தது. அவருடைய அம்மாவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது போல இருந்தது. உள்ளே போய் எங்களுக்குக் காப்பி போடச் சொன்னார். "மெஷின்ல வேண்டாம்" என்று குரல் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அமுதா ஒர்க்ஷாப்புக்கு வந்தாள். அவள் யோசித்து முடித்திருந்தாள்.

"அம்மாவுக்காகத் திரும்பப் போறேன் சார். ஆனா ஒண்ணு வேணும். சார் போன்ல சாரி சொன்னாரு. நீங்க வூட்டாண்ட வந்து சொன்னீங்க. வாயால சொன்னதெல்லாம் எனக்குப் போதும், வெளிய இருக்கறவங்களுக்குப் போதாது. என்னை அனுப்பினது பேப்பரை வெச்சுத்தானே? அது தப்புன்னு ஒரு பேப்பர் குடுங்க."

மேனேஜர் லெட்டர்ஹெட் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதுங்க குமாரண்ணா."

உட்கார்ந்து எழுதினேன். எத்தனையோ ஆயிரம் ரிப்போர்ட் எழுதிய கை, ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. முந்தைய மூன்று ரிப்போர்ட்டும் தவறு, பட்டன்கள் தாமாக இயங்கின, காரணம் எங்கள் சுத்தம் செய்யும் முறை, டிரைவர் மீது எந்தத் தவறும் இல்லை, ஆபத்தான நேரத்தில் டிரைவர் சரியாகச் செயல்பட்டு வண்டியைக் கட்டுப்படுத்தினார் என்று எழுதி அவளிடம் கொடுத்தேன்.

ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். பிறகு திருப்பித் தந்தாள்.

"டிரைவர், டிரைவர்னே போட்டிருக்கீங்க சார். எந்த டிரைவருன்னு யாருக்குத் தெரியும்? என் பேரைப் போடுங்க."

அவள் சொன்னது சரி. பேனாவை எடுத்துவிட்டு, அவளுடைய இனிஷியல் எனக்குத் தெரியாது என்பதை உணர்ந்தேன். கேட்டேன்.

"பி. அமுதா. அப்பா பேரு பெருமாள்."

புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினேன். டிரைவர் என்று இருந்த இடங்களில் எல்லாம் திருமதி பி. அமுதா என்று போட்டேன். அவள் திரும்பவும் படித்தாள். தலையாட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"அம்மாவையும் ஒரு வரி போட முடியுமா சார்? அன்னிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வயசானவங்கன்னு யாரும் காதுல வாங்கல. எனக்காவது வேலைதான் போச்சி. அவங்களை வூட்லயே யாரும் நம்பலை."

ஸ்ரீதரின் அம்மா பெயரை அவளிடமே கேட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'வண்டியின் பின் இருக்கையில் இருந்த திருமதி கமலவேணி, நடந்ததை ஆரம்பத்திலிருந்தே சரியாகச் சொல்லிவந்தார்.'

அதன் அடியில் கையெழுத்துப் போட்டேன். அமுதா அதை மடிக்கவில்லை. கசங்காமல் கொண்டுபோக ஒரு ஃபைல் கேட்டாள். "அம்மா ஸ்டெனோவா இருந்தவங்க சார். மடிச்சு எடுத்துட்டுப் போனா திட்டுவாங்க" என்றாள்.